வெளியே போட்ட முடிச்சு

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் டப்பா தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. டப்பா ஓட்டை என்றால் ஓட்டை, இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான் என் புத்தி. வாசலில் மாமியார் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழத்தைப் பார்த்து, ரசத்துக்கு ஆகுமே என்று கிண்டல் செய்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

எனக்கிருந்த ஒரே பைத்தியம் பறவை. ஞாயிறு விடிந்தால் புதுச்சேரி டவுனில் இருக்கமாட்டேன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊசுட்டேரிக்குப் போய்விடுவேன். செல்போனில் கேமரா வராத காலம் அது. ரோல் போட்டு எடுக்கிற கேமரா, அதற்கு முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். என் மனைவி கலாவும் கூடவே வருவாள். அவளுக்குப் பறவை மேல் ஆசை ஒன்றும் இல்லை. அவள் வந்தால்தான் எனக்குப் படம் கிடைக்கும், அதனால் வருவாள்.

அது எப்படி என்று கேட்பீர்கள். பறவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படமெடுக்க ஒரு மறைவு வேண்டும். பழைய தார்பாயில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கூடு தைத்து வாங்கி, லென்ஸ் நீட்ட ஓட்டை விட்டு, தண்ணீர் ஓரம் நிறுத்திவிடுவேன். ஆனால் ஒருவன் அதற்குள் நுழைவதைப் பார்த்துவிட்டால் பறவை கிட்டவே வராது, எவ்வளவு நேரமானாலும் தூரத்திலேயே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பேர் உள்ளே போய் ஒருவர் மட்டும் வெளியே வந்து நடந்து போனால், ஆள் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். அதற்கு எண்ணத் தெரியாது. கலா என்னோடு உள்ளே வந்து, உடனே வெளியேறி, கரை மேல் நடந்து போவாள். அத்தனை பறவையும் அவளையே பார்த்துத் தலையைத் திருப்பும், அவள் ஒற்றைப் பனைமரத்தைத் தாண்டியதும் பயம் விட்டு என் முன்னால் வந்து இறங்கும்.

கூட்டைத் தைத்துக் கொடுத்த டெய்லர் ஒரு வேலை செய்திருந்தார். கதவுத் துணியைக் கட்டும் நாடாக்களை உள்பக்கம் வைக்காமல் வெளிப்பக்கம் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "உள்ள ஆளு உக்காரப் போறாங்கன்னு எவன் சார் நெனச்சான், மூட்ட அடுக்கத்தான்னு நெனச்சேன்" என்றார். நான் பிரித்துத் தைக்கச் சொன்னேன், கலாதான் விடவில்லை. "இருக்கட்டும் வுடுங்க, எப்டியும் நான்தான கட்டிட்டுப் போப்போறேன்" என்றாள். அப்படியே ஆயிற்று. மகளுக்குப் பள்ளிக்கூட ரிப்பன் கட்டுகிற அதே முடிச்சுதான் அதற்கும். பூப்போல ஒரு சுருக்கு, அதன் இரண்டு காதையும் சேர்த்து மறுபடி ஒரு முடிச்சு. சாயங்காலம் வரை அவிழாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காலில் குறை, நடை மெதுவாகத்தான் இருக்கும். எங்கே போனாலும் நான் முன்னால், அவள் நாலடி பின்னால். "கொஞ்சம் நின்னு வாங்களேன், யாரு தொரத்துறாங்க" என்பாள். நான் நின்றதில்லை.

அவள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்த நேரத்தில். அதற்கப்புறம் எனக்கு அழுகை வரவில்லை. ஊரே ஒருமாதிரி பார்த்தது. வேலைக்குப் போனேன், டப்பா பார்த்தேன், வந்தேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே நாக்குக்குத் தெரியாமல் போய்விட்டது. இரட்டைப் பின்னல் போட எனக்கு வராது என்பதால் மகளுக்கு முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டேன். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், ஒன்பது வயது. அவளும் அழவில்லை, பேச்சும் குறைந்துபோயிற்று. அந்த ஏரிப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

மறு வருஷம் பொங்கலையொட்டி கலாவின் தங்கை ஜெயந்தி பிரான்ஸிலிருந்து வக்கான்ஸ் என்று லீவுக்கு வந்தாள். அவள் புருஷனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, பிள்ளை இல்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, நாலு நாள் எங்கேயாவது போய் இருப்போம் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கென்ன, எங்கே கூப்பிட்டாலும் போவேன். கூட வேலை பார்ப்பவர் ஒருவருக்கு அதே ஊசுட்டேரிக் கரையில் ஒரு வீடு இருந்தது, சாவி கொடுத்தார். சித்திக்காக வந்த பாப்பா வீட்டை விட்டு இறங்கவில்லை, பின்பக்கப் படியில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெயந்தி கேட்டுவிட்டாள்.

"மாமா, பாப்பாவ எங்கூட அனுப்பிடுங்க. அங்க நல்ல ஸ்கூலு, நான் பெத்த புள்ள மாதிரி பாத்துக்குவேன். நீங்க இப்டி செவுத்தயே பாத்துட்டு இருந்தா அதுவும் இப்டியே ஆயிடும்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் "சரி" என்றேன். டீ வேண்டுமா என்று கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படித்தான் சொன்னேன். என் பெண்ணைக் கொடுக்கிறேன், நெஞ்சு ஒருமுறையாவது அடித்துக்கொள்ளவேண்டாமா? ஒன்றும் இல்லை. காலையில் பாப்பாவிடம் தானே சொல்வதாகவும், நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் ஜெயந்தி சொன்னாள்.

விடிவதற்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனேன். படம் கிடைக்கும் என்று போகவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கூட்டை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தேன். நாடாவை உள்ளிருந்து கட்ட முடியாது, அதனால் கதவுத் துணியைத் துணி காயப்போடும் கிளிப்பால் உள்பக்கம் கவ்வவைத்தேன். நாமக்கோழிகளும் அரிவாள் மூக்கன்களும் சாம்பல் நாரைகளும் நான் நுழைவதைப் பார்த்து விலகிப் போய் நின்றன. எதிர்பார்த்ததுதான்.

வெளிச்சம் வந்தது. நீங்கள் நம்பினால் நம்புங்கள். தூரத்தில் நின்ற அத்தனை பறவையும் முதலில் என் கூட்டைப் பார்த்தன. பிறகு மெதுவாக, எல்லாம் ஒன்றுபோல, கரைப் பக்கம் தலையைத் திருப்பின. திருப்பிக்கொண்டே போயின, பனைமரம் வரைக்கும். யாரோ நடந்து போவதைப் பார்க்கிற மாதிரி. என் ஓட்டை தண்ணீரைப் பார்த்த ஓட்டை, பின்னால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆடு மேய்க்கிறவர் யாராவது போவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கிளம்பி வந்து என் முன்னால் இறங்கின. கூழைக்கடா ஒன்று லென்ஸுக்கு அடங்காத அளவுக்குக் கிட்டே வந்தது. கை பாட்டுக்குப் படமெடுத்தது. ரோல் தீர்ந்தது.

கிளம்பலாம் என்று கிளிப்பை எடுத்துக் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. மறுபடி தள்ளினேன். துணியின் விளிம்பு வழியே விரலை விட்டுப் பார்த்தால், வெளியே நாடா இறுக்கமாகக் கட்டியிருந்தது.

கிழித்துக்கொண்டு வந்திருக்கலாம். அந்த நேரத்துக்கு அது தோன்றவில்லை. பயமும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜெயந்தியையும் பாப்பாவையும் மாறி மாறிக் கூப்பிட்டேன், வீடு கூப்பிடு தூரம்தான். பறவையெல்லாம் எழும்பிப் பறந்து தூரப் போய் இறங்கின. சின்னக் கால் ஓடி வரும் சத்தம் கேட்டது, கூட்டுக்கு வெளியே வந்து நின்றது. விரல் நாடாவைத் தடவிப் பார்ப்பது துணியில் தெரிந்தது.

"பாப்பா?"

"அம்மா முடிச்சுப்பா இது" என்றாள்.

முதலில் காதைத் தளர்த்தி, பிறகு சுருக்கை இழுத்து, ரிப்பன் அவிழ்ப்பது போலவே அவிழ்த்தாள். நான் வெளியே வந்தேன். நாடாவின் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தி சொன்னாங்க. நான் போணுமாப்பா?"

"வாணாம்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியாது, ஆனால் சத்தமாகவே வந்தது. "நீ எங்கியும் போ வாணாம். எங்கூடயே இரு."

நாடாவை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து ஜெயந்தியிடம் சொன்னேன். அழுதாள், திட்டினாள், பிறகு இட்லி வைத்தாள். சட்னியில் உப்பு தூக்கல். அது எனக்குத் தெரிந்தது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ஜெயந்தி கட்டியிருப்பாள் என்பீர்கள். நான் சீக்கிரம் வரவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவள் என்னை ஏன் உள்ளே வைத்துக் கட்டப்போகிறாள்? பாப்பாவே கட்டியிருப்பாள் என்பீர்கள். நானும் அதை நினைத்தேன். விடிந்ததிலிருந்து பாப்பா தன் பக்கத்தை விட்டு நகரவில்லை என்று ஜெயந்தி சத்தியம் செய்தாள், இருந்தாலும் குழந்தைதானே, கண் அசந்த நேரத்தில் ஓடி வந்திருக்கலாம். பாப்பாவிடம் நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. காலடித் தடம் பார்த்தாயா என்றால், கரை பூராவும் ஆட்டுக் குளம்பு, ஒன்றும் தெரியவில்லை. ஆக முடிச்சை விட்டுவிடுங்கள். முடிச்சுக்கு ஏதோ ஒரு காரணம் இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு இன்னும் விளங்காதது அன்று சாயங்காலம் நடந்தது. மத்தியானம் முழுக்க வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், கூடு காலியாக நிற்கிறது, நாங்கள் இரண்டு பேரும் கைகோத்து நடந்து வந்ததைப் பறவைகள் பார்த்தன, ஆனால் ஒன்றும் அதன் பக்கம் வரவில்லை. தூரத்திலேயே கழுத்தை நீட்டிக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே ஆள் இருந்தால் எப்படி நிற்குமோ அப்படி.

வெயில் தாழ்ந்ததும் கூட்டைப் பிரிக்கப் போனேன். பிரிப்பதற்கு முன்னால் கதவுத் துணியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் அப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள். பிறகு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரை மேல் நடந்தேன். பறவைகள் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பின. அது வழக்கம்தான். நான் பனைமரத்தைத் தாண்டினேன். தாண்டிவிட்டு ஏரியைப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கரையில் நாலடி தள்ளி எதையோ பார்த்துக்கொண்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டே வந்தன.

நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று தோன்றியது. நடையை மட்டும் குறைத்துக்கொண்டேன். வீட்டுப் படி வருவதற்குள் கண் மறைத்தது, சட்டை நனைந்திருந்தது, அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பாப்பா இப்போது வேலைக்குப் போகிறாள். பெரிய மார்க்கெட்டுக்கு என்னோடு வந்தால் ஓயாமல் திட்டுவாள். "ஏம்ப்பா இப்டி ஊந்துட்டு வர்ற? முட்டி வலிக்கிதா? டாக்டராண்ட போலாம் வா" என்பாள். முட்டி எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் அதைச் சொல்வதில்லை, மெதுவாகவே நடக்கிறேன்.