ஆறாவது இடத்தையும் வாசித்தவர்

செய்தி வியாழக்கிழமை காலையில் வந்தது. மல்வேர்னிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஈரக் கோட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். ரெலிபோனில் ரீற்றா அக்காவின் பெயரைக் கண்டதுமே விளங்கிவிட்டது. கணவர் மரியதாஸ் அண்ணை நினைவிழந்த நாளிலிருந்து அவர் எழுத்தில்தான் செய்தி அனுப்புவார். பேசினால் அழுதுவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

"பிள்ளை, அவர் போயிட்டார்," என்றார். அழவில்லை. "ஞாயிற்றுக்கிழமை றேடியோவில அறிவித்தலை நீர்தான் வாசிக்கவேணும். வேற ஆரும் வாசிச்சா அவருக்குப் பிடிக்காது."

"ஓம் அக்கா," என்றேன். இறங்கவேண்டிய தரிப்பிடம் கடந்துபோனது.

சூசைப்பிள்ளை மரியதாஸ் என்றால் இன்றைய இளையவர்களுக்கு யாரென்று தெரியாது. ஒருகாலத்தில் ஞாயிறு காலையில் ஸ்காபரோவின் புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளில் புட்டு அவியும்போது கேட்ட குரல் அவருடையது. மன்னார்க் கரையைச் சேர்ந்தவர். கிழமை நாட்களில் பிறம்ரன் பக்கத்தில் ஒரு வெயார்ஹவுஸில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த எங்கள் சிறிய வானொலிக்கு வந்து மரண அறிவித்தலும் விளையாட்டுச் செய்தியும் வாசிப்பார். விளம்பரம் வாசிப்பதும் நேயர்களின் அழைப்புகளை எடுப்பதும் என்னுடைய வேலை. பல வருடங்கள் ஒரே மேசையில் எதிரெதிராக இருந்தோம்.

மரண அறிவித்தலை எல்லோரும் வாசிக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அண்ணை வாசிப்பதற்கு முன் துக்க வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பார். ஊரின் பெயரை எப்படிச் சொல்வது, இறந்தவரை வீட்டில் என்னவென்று கூப்பிட்டார்கள் என்று மெதுவாகக் கேட்பார். நேரமாகிறது என்று நான் கையைக் காட்டினால் முறைப்பார். "றேடியோவில அந்த மனுசன்ர பேர் வாறது இதுதான் கடைசி, பிள்ளை. அதையும் பிழையா வாசிச்சா என்னத்துக்கு நாங்கள் இருக்கிறம்?"

மரண அறிவித்தல் முடிந்ததும் விளையாட்டு. இரண்டுக்கும் நடுவே நாதஸ்வரமாவது போடுங்கள் என்று பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அதே குரலில் தொடங்கிவிடுவார். கிரிக்கெட்டைக் கடமைக்கு வாசித்து முடிப்பார். ஆனால் இலங்கையும் அயல்நாடுகளும் கூடுகிற விளையாட்டு விழா நடக்கும் கிழமைகளில் அவரைப் பிடிக்க ஏலாது. பெரிய நாடு பதக்கங்களை அள்ளிக்கொண்டு போகும். மிஞ்சியதைச் சின்ன நாடுகள் பங்குபோடும். அந்த மிச்சத்தில் இலங்கைக்கு என்ன கிடைத்தது என்பதை அவர் நீச்சல் முதல் குத்துச்சண்டை வரை வரிசையாக வாசிப்பார். பதக்கம் கிடைக்காதவர்களையும் விடமாட்டார். நான்காவது இன்னார், ஆறாவது இன்னார்.

"அண்ணை, ஆறாவதா வந்தவரைப் பற்றி ஆருக்குக் கவலை?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"பதக்கம் எடுத்தவனை ரிவியில சொல்லுவாங்கள். ஆறாவதா வந்தவன்ர பேரை ஆர் வாசிக்கிறது?" என்றார். எனக்கு அப்போது அது அலுப்பாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, அவர்களின் ஒரே மகள் மூவரும் கடைசி யுத்தத்தில் வன்னிக்குள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஊரார் துக்கத்தையெல்லாம் வாசித்தவர் தம்பி வீட்டாரின் அறிவித்தலை மட்டும் கடைசிவரை கொண்டுவரவில்லை. ரீற்றா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவன் செத்ததை நான் காணேல்லையே," என்றார். அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த முறை விழாவில் வன்னியிலிருந்து தர்சிகா என்றொரு பிள்ளை எண்ணூறு மீற்றர் ஓடினாள். யுத்தம் முடிந்தபோது, சின்ன வயதில், முள்ளுக்கம்பி முகாமில் இருந்தவள். தங்கம் எடுத்தாள், இலங்கையின் பழைய சாதனையையும் முறியடித்தாள். முதல்நாள் இரவு ஓவர்டைம் செய்த அண்ணை பாதுகாப்புச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வேலையிலிருந்து நேரே ஓடிவந்தார். பதக்கம் கொடுத்த வீடியோவை யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். "பிள்ளையின்ர குரல் இருக்கு, போடப்போறன்," என்றார்.

நேரடி நிகழ்ச்சி. வீடியோ இலங்கையின் தேசிய கீதத்தோடு தொடங்கியது.

அந்த நாட்டின் படையிடம் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் கேட்கிற வானொலி இது என்பது அவருக்குத் தெரியாததல்ல. சத்தத்தைக் குறைக்க நான் கையை நீட்டினேன். அவர் உள்ளங்கையைக் காட்டி, பொறும் என்றார். கீதம் முழுவதும் போனது. அது முடிந்தபிறகு மூச்சு வாங்க வாங்க அந்தப் பிள்ளையின் குரல் வந்தது: "அம்மா, நான் ஓடி முடிச்சிட்டன். இனிச் சாப்பிடுங்கோ." மகள் ஓடி முடியும்வரை தாய் பட்டினி கிடப்பாராம். அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் எல்லா ரெலிபோன் விளக்குகளும் எரியத் தொடங்கிவிட்டன.

"ஆற்ற கீதம் உது? ஆருக்குப் போடுறியள்?" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர், "உங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லைப் போல," என்றார். நான் அண்ணையைப் பார்த்தேன். தம்பியைப் பற்றி இப்போதாவது சொல்லுங்கோ என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். விளம்பர இடைவேளையில் என்னிடம், "தம்பியை இதுக்குள்ள இழுக்கப்படாது," என்றார்.

கடைசியாக எடுத்தவர் ரூஜ் பகுதியில் இருக்கும் பாக்கியம் அம்மா. யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்தவர். அவர் கத்தவில்லை. "தம்பி, அந்தப் பாட்டைக் கேட்டா எனக்குக் கை கால் நடுங்குது. என்ர குசினிக்குள்ள ஏன் கொண்டுவந்தனீங்கள்?" என்றார். அண்ணையின் முகம் விழுந்தது அப்போதுதான்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். வரவேற்பறையில் மகனின் படத்துக்கு மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதிரையின் நுனியில் இருந்தபடி சொன்னார்: "அம்மா, உங்களை நோகடிச்சுப்போட்டன். அது என்ர பிழை. ஆனா அந்தப் பிள்ளை ஓடினதைப் பிழையெண்டு என்னால சொல்ல ஏலாது." அம்மா எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தார்.

வானொலிப் பொறுப்பாளர் கெட்ட மனிதரல்ல. விளம்பரம் தருகிற கடைக்காரர்கள் அவருடைய கழுத்தைப் பிடித்திருந்தார்கள். நிகழ்ச்சியில் ஒரு வரி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள் என்றார். நானும் அதையே சொன்னேன். ஒரு வரிதானே அண்ணை, சொல்லிவிட்டுப் போவோம் என்று மன்றாடினேன்.

"நொந்த அம்மாவிட்டக் கேட்டிட்டன், பிள்ளை. றேடியோவில கேக்கமாட்டன். அங்க கேட்டா, அவள் ஓடினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டமாதிரி வரும்."

அன்றோடு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன. நானும் விலகுகிறேன் என்றபோது, வேண்டாம் என்றார். அறிவித்தலை ஒழுங்காக வாசிக்க அங்கே ஓர் ஆள் வேண்டுமாம். அவருடைய இடத்தில் நான்தான் வாசித்துவருகிறேன். விளையாட்டுச் செய்தியை நிலையம் நிறுத்திவிட்டது. யாரும் அதைக் கேட்டு எழுதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பிறகு கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். அவர் யாரையும் குறைசொல்லி நான் கேட்டதில்லை. ஞாயிறு காலையில் குசினி மேசையில் இருந்து ரீற்றா அக்காவுக்கு முடிவுகளை வாசிப்பாராம், அதே குரலில், ஆறாவது இடம் வரை. "எனக்கு ஓட்டமும் விளங்காது, ஒண்டும் விளங்காது. உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டு ஓம் ஓம் எண்டு சொல்லுவன்," என்று அக்கா சொன்னபோது சிரித்தோம். எங்கள் வானொலியின் குரலாக வாழ்ந்த மனிதர் ஒரு குசினிக்குள் முடிந்துபோனார். ஓர் ஊரே கேட்டிருக்கவேண்டிய குரல் அது.

இந்த முறை விழா நடந்தபோது அண்ணை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். ஒரு முடிவும் அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அறிவித்தலை வாசித்தேன். பிறந்த ஊர், வாழ்ந்த இடம், மனைவி பெயர், பார்வைக்கு வைக்கும் நேரம். சகோதரர் பெயர் வந்த இடத்தில், ரீற்றா அக்கா கேட்டுக்கொண்டபடி, தம்பியின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்ற சொல்லைப் போடவில்லை. வாசித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் எதிர்க் கதிரையைப் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்க அங்கே ஒருவரும் இல்லை.

ஒரு விளக்கு எரிந்தது. பாக்கியம் அம்மா.

"பிள்ளை, மரியதாஸ் தம்பி மாதத்துக்கு ஒருக்கா வந்து எனக்குச் சொல்லுறவர். தர்சிகா எங்க ஓடினவள், எப்பிடி ஓடினவள் எண்டு. தன்ர தம்பியின்ர மகளும் அவளும் ஒரே வயசாம்." குரல் உடைந்தது. "இந்த முறை அவள் ஓடினவளோ? இனி ஆர் எனக்குச் சொல்லுறது?"

அண்ணை அங்கே போய்வந்தது எனக்குத் தெரியாது. வயதுக் கதையும் தெரியாது. விளம்பரத்தைப் போட்டுவிட்டு, கண் மறைக்க மறைக்க ரெலிபோனில் தேடினேன். பிறகு யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒலிவாங்கியைத் திறந்து வாசித்தேன்: பெண்கள் எண்ணூறு மீற்றர், இலங்கையின் தர்சிகா, ஆறாவது இடம்.

பாக்கியம் அம்மா இன்னும் இணைப்பில்தான் இருந்தார்.

"ஆறாவதோ?"

"ஓம் அம்மா. முந்தின மாதிரி இல்லை. முழங்கால் நோவாம்."

"ஓடி முடிச்சவளோ?"

"ஓம் அம்மா. முடிச்சவ."

"அப்ப தாய் சாப்பிட்டிருப்பா," என்று சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தார்.

மரியதாஸ் அண்ணை, நீங்கள் கேட்காமல் போன முடிவு இதுதான். பெயரைப் பிழையில்லாமல் வாசித்தேன். உங்களுடையதையும்.