பாண்டிசெல்வி மதினி வெச்ச இருபத்திநாலு மணி நேரக் கறி

எங்க பாண்டிசெல்வி மதினிக்குக் கறி வேக வைக்கத் தெரியாதுன்னு சொந்தபந்தம் பூராவும் பரப்பிவிட்டது நான்தான். மறைச்சு என்ன ஆகப்போகுது? இருபத்திநாலு வருசமா வீட்டு விசேசம் ஒண்ணு விடாம நான் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாக. 'டயர்க் கறி'ன்னு பேரு வெச்சதும் சாட்சாத் இந்த வேலுத்தாய்தான்.

சும்மா வாய்க்கொழுப்புல சொல்லல. எங்க வகையறாவுல ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிஞ்சு பொண்ணு வீட்டுல போடுற மொத கறி விருந்துக்குச் சமையல்காரர வைக்கக் கூடாது. பொண்ணோட அம்மாதான் கறி ஆக்கணும். என் கல்யாணத்தப்ப எனக்கு அம்மா கிடையாது. அதனால எங்கண்ணன் ஐயாதுரை கட்டிக்கிட்டு வந்து ஒரு வருசம்கூட ஆகாத பாண்டிசெல்வி மதினி கரண்டியப் பிடிச்சா. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. கறி வேகவே இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த கடவாப் பல்லு அந்தப் பந்தியில கையோட வந்துருச்சு. பொறவு என்ன, எங்க மாமியா சாகுற வரைக்கும் நான் எதை ஆக்கி வெச்சாலும், "உங்க வீட்டுக் கறி மாதிரி இல்லையே?"ன்னு கேட்டுட்டுத்தான் வாயில வைக்கும். அந்த எரிச்சல நான் யார்மேல கொட்டுவேன்? மதினிமேல கொட்டுனேன்.

ஆனா அவ ஒண்ணும் கையாலாகாதவ இல்ல. ராஜபாளையத்துல ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி செய்யிற கம்பெனியில இருபத்தாறு வருசமா வேல பாக்கா. நீராவியில துணியச் சுத்தம் பண்ற ஆட்டோகிளேவ் மிசினு அவ பொறுப்பு. நூத்தி இருபத்தோரு டிகிரி, இத்தன நிமிசம், இத்தன அழுத்தம்னு நோட்டுல எழுதி அவ கையெழுத்துப் போட்டாத்தான் பெட்டி வெளிய போகும். இன்னிக்கு வரைக்கும் ஒரு பெட்டி திரும்பி வந்ததில்ல. அப்பேர்ப்பட்டவ அடுப்படிக்கு வந்தா மட்டும் முழிப்பா.

"பதம் வந்ததும் எறக்குங்கிறீகளே, பதம்னா எத்தன டிகிரி?"ம்பா. "செத்த நேரம் வேகட்டும்னா எத்தன நிமிசம்?"ம்பா. நாங்க சிரிப்போம். இப்ப யோசிச்சா, அவ கேட்டதுக்கு எங்கள்ல ஒருத்திகிட்டயும் பதில் இல்லங்கிறதுதான் நெசம். குக்கர்ல மூணு விசில் விட்டா அவ கறி கல்லு, எட்டு விசில் விட்டா நாரு. நடுவுல எங்கயோ இருக்கிறது அவ கைக்கு அகப்படவே இல்ல. கடைசியில எங்கண்ணனே கறி வைக்க ஆரம்பிச்சிட்டான்.

போன வருசம் அவ மக சத்யப்பிரியாவுக்கு வத்திராயிருப்புல மாப்பிள்ள அமைஞ்சுச்சு. தங்கமான பையன். ஆனா பையனோட அப்பா ஆவுடையப்பன் யாரு? முப்பது வருசமா ஆட்டுக்கறிக் கடை போட்டிருக்கிறவரு! அதக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க, இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. "மாட்டுனா மதினி"ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். எங்கண்ணன் தானே ஆக்குறேன்னு சொல்லிப் பாத்தான். "வழக்கம்னா வழக்கம்தான், நானே வைக்கிறேன்"னுட்டா மதினி.

அப்பத்தான் அவ கம்பெனி லேப்ல வேல பாக்குற இம்மானுவேல் ஒரு விசயம் சொல்லியிருக்காரு. தண்ணிய ஒரே சூட்டுல நிப்பாட்டி, பைக்குள்ள கறியப் போட்டு மணிக்கணக்கா முக்கி வைக்கிற சமையல் ஒண்ணு இருக்கு, சூ வீட்னு பேரு, அதுக்கு வீட்டு மிசினே விக்கிறாகன்னு. கேட்டதும் மதினிக்குக் கண்ணு விரிஞ்சிருக்கு. எத்தன டிகிரி, எத்தன மணி நேரம்! இருபத்திநாலு வருசமா அவ கேட்டுக்கிட்டிருந்த கேள்விக்குப் பதிலா ஒரு சமையல் இருந்திருக்கு பாருங்க.

வாங்குறதுக்குள்ள சத்யப்பிரியாவ அவ படுத்துன பாடு கொஞ்சமில்ல. போன்ல படத்தக் காட்டுனா பத்தாதாம். பெட்டி மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அடுப்பு மேடையில பாதிய அடைச்சுக்கிடும்னு வேண்டாம்னா. போன் வழியா ஓட்டுறது ஒண்ணு. "போன்ல சார்ஜ் எறங்குனா கறி வேகாதா? தூக்கிப் போடு"ன்னா. கடைசியில அண்டா ஓரத்துல மாட்டிவிடுற குச்சி மாதிரி ஒண்ணப் பிடிச்சா. பட்டன் வெச்சது, தண்ணியச் சுத்தவிடுற காத்தாடி உள்ளது, ஆயிரம் வாட்டு. தண்ணி கொறஞ்சா தானா நிக்குமா, நம்ம ஊரு பிளக்குக்குச் சேருமா, எத்தன லிட்டர் வரைக்கும் தாங்கும்னு கடைக்காரனுக்கே போன் போட்டுக் கேட்டிருக்கா. வந்த அன்னிக்கே தண்ணியச் சுட வெச்சு, தெர்மாமீட்டர முக்கி, "அர டிகிரி கூடக் காட்டுது"ன்னு அதுமேல ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டா.

இம்புட்டுச் சூதானமா இருந்தவ மொத தடவையிலயே கோட்ட விட்டா. ஆப்பரேசன் கத்தியப் போட்டு மிசினுக்குள்ள வைக்கிற பையி அவ கம்பெனியில உண்டு. ஒரு பக்கம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் தாளு. கத்திக்கே ஆகுறது கறிக்கு ஆகாதான்னு அதுல அரைக்கிலோ கறியப் போட்டு ஒட்டி முக்கிட்டா. அந்தத் தாளு நீராவி உள்ள போகணும்னே வெச்சது. இருபத்தாறு வருசம் அதக் கையில வெச்சிருந்தவளுக்கு அன்னிக்குன்னு பாத்து மண்டையில உறைக்கல. ரெண்டு மணி நேரத்துல தாளு ஊறிப் பிரிஞ்சு, அண்டாத் தண்ணி பூராவும் மொளகாயும் மஞ்சளுமா மெதந்திருக்கு. குச்சிய வினிகர் ஊத்திக் கழுவவே ஒரு நா ஆச்சாம்.

இத அவளே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து எங்கிட்டச் சொன்னா. நான் வேல பாக்கிறது பால்கோவா கடையில, பேக்கிங் பகுதியில. வெளியூருக்குப் போற பால்கோவாவ கெட்டிப் பையில போட்டு ஒட்டுறது என் வேல. கதையக் கேட்டு நான் சிரிச்ச சிரிப்புல, கடைக்கு வந்தவுக காச எடுக்க மறந்து என்னையப் பாத்தாக.

"சிரிச்சிட்டியா? இப்பச் சொல்லு. உங்க பையி சூட்டுத் தண்ணியத் தாங்குமா?"ன்னா.

"தாங்கும். கொதிக்கிற தண்ணிக்கே தாங்குற ரகம் இருக்கு. ஆனா நான் எதுக்கு மதினி குடுக்கணும்?"

அவ கோவிக்கல. என் கையப் பிடிச்சிக்கிட்டா. "ஏட்டி வேலு, அன்னிக்கு நான் வெச்ச கறியால உன் மாமியாகிட்ட நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்க? நீ என்னையப் பேசுறப்பல்லாம் நான் பதில் பேசுனேனா? பேசட்டும், பட்டது அவதானன்னு இருந்துட்டேன். ஆனா என் மகளுக்கு அந்தப் பேச்சு வந்துரக் கூடாதுட்டி. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

இருபத்திநாலு வருசத்துல அவ ஒரு தடவகூட என்னைய எதுத்துப் பேசுனதில்லங்கிறது அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. மொதலாளிகிட்டச் சொல்லி, புதுப் பையி ஒரு கட்டும், மூலையில கெடந்த, பையி ஒட்டுற பழைய சீலிங் மிசினும் வாங்கிக்கிட்டு அவகூடவே பஸ் ஏறுனேன். கறிய நம்ம கடைக்குக் கொண்டு வந்து ஒட்ட முடியாதே. பால்கோவா மிசினுல கறியக் காட்டுனா மொதலாளி என்னைய உசுரோட விடமாட்டாரு.

அதுக்குப் பொறவு மூணு ஞாயித்துக்கிழம நாங்க ரெண்டு பேரும் அந்த அண்டாவோட மல்லுக்கட்டுனோம். பைக்குள்ள காத்து இருந்தா மெதக்கும்னு, வாயத் தொறந்தபடி பைய மெதுவா தண்ணிக்குள்ள எறக்குவா. தண்ணி அமுக்குறதுல காத்து தானா வெளிய போகும், உடனே நான் ஒட்டிருவேன். மொதல்ல அறுபத்தஞ்சு டிகிரியில வெச்சோம். கறி மெத்துன்னுதான் இருந்துச்சு, ஆனா உள்ள செவப்பா நின்னதப் பாத்துட்டு எங்கண்ணன் தட்டத் தள்ளிட்டான். அடுத்து எழுபத்தஞ்சு வெச்சோம், எலும்பு முனை குத்தி ரெண்டு பையி ஓட்டையாயிருச்சு. அதுக்கு மதினி என்ன பண்ணான்னு நெனைக்கிய? சுத்தம் பண்ண கட்டுத்துணிய ரெண்டு விரக்கடை வெட்டி, எலும்பு முனையில சுத்திக் கட்டிட்டா! மூணாவது வாரம் எழுபத்தஞ்சு டிகிரி, இருபத்திநாலு மணி நேரம். நான் ஒரு துண்ட வாயில வெச்சேன். உடனே இன்னொரு துண்ட எடுத்தேன்.

கல்யாணம் முடிஞ்சு, மறு ஞாயித்துக்கிழம விருந்து. பதினஞ்சு பேரு வாராக. எங்கண்ணன் சனிக்கிழம காலையில அஞ்சு கிலோ கறி வாங்கிட்டு வந்தான். பிரிச்சுப் பாத்தேன். முத்துன கிடா! இவன் ஏமாந்த மூஞ்சின்னு கறிக்கடைக்காரன் தலையில கட்டிருக்கான். நான் கத்துன கத்துல எங்கண்ணன் கொல்லப் பக்கம் போயிட்டான். மதினி கறியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இருக்கட்டும்ட்டி. இதுக்குத்தான இருபத்திநாலு மணி நேரம்"னா.

மத்தியானம் பன்னெண்டு மணிக்கு இருபது பையும் தண்ணிக்குள்ள போச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு கரண்ட்டு போச்சு. நான் தலையில கைய வெச்சு உக்காந்துட்டேன். அவ அலட்டிக்கவே இல்ல. அண்டாவ மூடி, பஞ்சுச் சுருள ரெண்டு சுத்து சுத்தி, மேல கம்பளியப் போத்திட்டு, "ரெண்டு டிகிரிக்கு மேல எறங்காது"ன்னா. அம்பது நிமிசம் கழிச்சு கரண்ட்டு வந்தப்போ எழுபத்துமூணு காட்டுச்சு. நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டா, கம்பெனி மாதிரியே.

ஞாயித்துக்கிழம பன்னெண்டு மணிக்குப் பையப் பிரிச்சோம். "மொத்தம் இருபத்திரண்டு துணி கட்டியிருக்கேன். இருபத்திரண்டையும் எண்ணி எடு"ன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, அவ இரும்புச் சட்டியக் காய வெச்சா. நல்லெண்ண, சின்ன வெங்காயம், மொளகுத்தூளு, கருவேப்பில. கறிய அதுல போட்டு ஒரு பெரட்டு. பைக்குள்ள நின்ன சாறு பூராவும் கொழம்புக்குப் போயிருச்சு. தெருவே மணந்துச்சு. நானும் எடுத்தேன் துணிய, ஆனா நடுவுல ஒரு போன் வந்துச்சு, பேசிக்கிட்டே எடுத்தேன்.

பந்தி உக்காந்துச்சு. மொத எல ஆவுடையப்பனுக்கு. மதினி கறிய வெச்சிட்டு நகராம நின்னா. அவரு ஒரு துண்டப் புட்டாரு. புட்ட கை அப்பிடியே நின்னுச்சு. ரெண்டு வெரலால எதையோ உருவித் தூக்கிப் பிடிச்சாரு. வெள்ளத் துணி.

"என்ன சம்பந்தியம்மா, ஆட்டுக்கு அடி பட்டிருந்துச்சா? கட்டுப் போட்டிருக்கு?"

மாப்பிள்ளையோட அம்மா முந்தானையால வாயப் பொத்துது. சத்யப்பிரியா மொகம் செத்துப் போச்சு. மதினி என்னைய ஒரு தடவ பாத்தா, அம்புட்டுத்தான். என்னையக் காட்டிக் குடுக்க மாட்டா, எனக்குத் தெரியும். நான் வாய மூடிக்கிட்டு நின்னா பழி அவளோட போயிரும், இன்னும் இருபத்திநாலு வருசத்துக்கு ஓடும்.

"அது என் தப்பு!"ன்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்புனாக. "மதினி எண்ணி எடுக்கச் சொன்னா, நான் போன் பேசிக்கிட்டு ஒண்ண விட்டுட்டேன். அது சுத்தமான ஆஸ்பத்திரித் துணி. எலும்பு குத்திப் பையி ஓட்டையாகக் கூடாதுன்னு கட்டுனது. ஒரு நா பூராவும் எழுபத்தஞ்சு டிகிரி தண்ணியில வெந்த கறி அது. என்னையத் திட்டுங்க, அவளச் சொல்லாதீக."

ஆவுடையப்பன் துணிய எல ஓரத்துல வெச்சாரு. எலும்பப் பிடிச்சு லேசா ஒரு இழு இழுத்தாரு. கறி அப்பிடியே எலும்ப விட்டுக் கழண்டு எலையில விழுந்துச்சு. வாயில போட்டு மென்னாரு. இன்னொரு துண்டு. பொறவு மதினியப் பாத்தாரு.

"இது முத்துன கிடாதான? ஆறு பல்லு போட்டிருக்குமே?"

"ஆமாய்யா"ன்னா மதினி, காதுக்கே கேக்காத கொரல்ல.

"முப்பது வருசமா வெட்டுறேன். இந்தக் கிடாவ இப்பிடி ஒருத்தரும் வேக வெச்சு நான் தின்னதில்ல. துணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கறியப் போடுங்கம்மா!"

பந்தியே சிரிச்சுக் கொந்தளிச்சிருச்சு. எங்க வீட்டுக்காரரு மூணு தடவ வாங்கித் தின்னாரு, பல்லு ஒண்ணும் விழல. சட்டியில ஒரு துண்டு மிஞ்சல.

போறப்போ மாப்பிள்ளையோட அம்மா வாசல்ல நின்னு சத்யப்பிரியா கன்னத்தத் தடவிச்சு. "எங்க மருமக வீட்டுக் கறி மாதிரி வத்திராயிருப்புல ஒருத்தி வைக்கட்டும் பாப்போம்"னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டு வேன்ல ஏறுச்சு.

வேன் தெருமுக்குத் திரும்புன பொறவு மதினி என் கையப் பிடிச்சா. வளவி அமுந்தி வலிச்சுச்சு.

"ஏட்டி, அந்தம்மா என்ன சொல்லிச்சு?"

"கேக்கலையா மதினி?"

"கேட்டுச்சு. நீ சொல்லு."

சொன்னேன். இன்னொரு தடவ சொல்லுன்னா. சொன்னேன். அவளுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது, வாய் சிரிக்குது. மூணாவது தடவ அவ கேக்கல. நானே தெருவுல எறங்கி நின்னு, அக்கம்பக்கம் அம்புட்டு வீட்டுக்கும் கேக்குற மாதிரி கத்திச் சொன்னேன்.