ரூட்டு போட்டது நான், இத்தாலி போவது கட்டிங் மாஸ்டர்

கோபம் ஆறுவதற்குள் டைப் அடித்துவிட வேண்டும் என்று பிரவுசிங் சென்டருக்கு ஓடி வந்து, நம்ம குரூப்புக்கு இதை அனுப்புகிறேன்.

எங்க பனியன் கம்பெனியில் டி-ஷர்ட் வாங்குகிற இத்தாலிக்காரர், அப்பாவையும் என்னையும் தன் ஊருக்குக் கூப்பிட்டிருந்தார். கார், டிரைவர் எல்லாம் அவர் பொறுப்பு. பாரி என்கிற ஊரில் ஆரம்பித்து, கடலோரமாகவே தெற்கே ஒத்ராந்தோ வரைக்கும் ஒரு வாரத்துக்கு நான் ரூட்டு போட்டேன். கூம்புக்கூரை வைத்த கல்வீடு, கடல் புகுந்த குகை, எதையும் விடவில்லை.

இன்று காலை அப்பா அதைப் பார்த்தார்.

"ரூட்டு அருமை கண்ணு. ஆனா இதுல ஒரு துணிக்கடையக்கூடக் காணமே?"

"சுத்திப் பாக்கத்தானுங்கப்பா போறோம்."

"நம்ம சரக்கு எந்தக் கடையில, எந்த மூலையில தொங்குதுன்னு பாக்க வேண்டாமா?"

பேனாவை எடுத்தார். குகை இருந்த இடத்தில் துணிக்கடை வந்தது. கடற்கரை போய் சாயப்பட்டறை வந்தது. திருப்பூரில் பார்க்காத சாயப்பட்டறையா?

அதோடு விட்டாரா? அங்கே துணி வெட்டுகிற கட்டிங்கைப் பார்த்துவர ஆள் வேண்டுமாம். என் சீட்டை எங்க கட்டிங் மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டார்.

"நீ அடுத்த வாட்டி போலாம் சாமி."

இத்தாலி எனக்கு இத்தோடு காலி.

சாயங்காலம் மாஸ்டர் வந்தார். "ஏனுங்க தம்பி, கடல் தெரியோணும்னா கார்ல எந்தப் பக்கம் உக்காரோணும்?"

தெற்கே போகும்போது கடல் இடது பக்கம்.

"வலது பக்கமுங்கண்ணா," என்றேன்.

நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் சொல்லியிருப்பீர்கள்?