பலகையில் முதல் பெயர்

வெர்னா தோர்சனுக்குப் பனித்தளத்தில் வராத வித்தை கிடையாது. சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு தனியாக ஆடுவாள். கைகோத்து நடனம் ஆடுவாள். ஜோடிக்காரன் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றுகிற ஆட்டமா, அதற்கும் தயார். லார்க் க்ரீக் ஊரில் ஹாக்கிக்காரர்கள் வந்து பனியைக் கீறிக் கிழிப்பதற்கு முன்பே, விடிகாலையில் வந்து ஆடிவிட்டுப் போய்விடுவாள்.

ஜோடி ஆட்டத்தில் அவளுக்குத் துணை ஓரெஸ்ட் ஹ்ரின்சுக். பனித்தளத்தில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டுச் சமன் செய்கிற வேலையும் அவனுடையதுதான். ஊர் வாய் சும்மா இருக்குமா?

"இவன் எங்க ஆடுறான்? கோதுமை மூட்டை மாதிரி அந்தப் பொண்ணத் தூக்குறான், எறக்குறான்!"

ஓரெஸ்ட் சிரித்துக்கொள்வான். வெர்னாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பத்தாறு மார்ச்சில், கனடாவின் வின்னிபெக் நகரில் போட்டி. அது முடிந்த திங்கட்கிழமையே ஓரெஸ்ட் ரயில்வே வேலையில் சேர வேண்டும். ஆட்டத்துக்கு அத்தோடு முழுக்கு. வெர்னா சனிக்கிழமை மதியத்துக்குள் தனி ஆட்டத்திலும் நடனத்திலும் தங்கம் வாங்கிவிட்டாள். கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன.

"ஜோடி ஆட்டத்த விட்டுடும்மா. ரெண்டு போதாதா?" என்றார் பயிற்சியாளர் மிஸ் பிளேக்.

"போதாது மிஸ். ஜெயிச்சவங்க பேரு மட்டும்தான் நம்ம கிளப் பலகையில ஏறும். ஓரெஸ்ட் பேரு ஒரு தடவையாவது ஏறணும்."

ஆட்டம் பாதி வரை வெண்ணெயாகப் போனது. இசை தணிகிற இடத்தில் ஓரெஸ்ட் அவளைத் தூக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடின உடம்புக்கு எது எந்த ஆட்டம் என்று தெரியுமா? தனி ஆட்டத்தில் தாவுகிற தாவலை வெர்னா தாவிவிட்டாள்! பாவி, நானே கெடுத்தேனே என்று அந்தரத்திலேயே அழுகை வந்தது.

இறங்கினாள். பக்கத்திலேயே இன்னொரு காலணியின் பிளேடு பனியில் இறங்குகிற சத்தம். ஓரெஸ்ட்! அதே தாவல், அதே இரண்டு சுற்று. இறங்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி கையை நீட்டினான். அரங்கம் எழுந்து கத்தியது. நடுவர்கள் அதைத் திட்டமிட்டது என்றே நினைத்து முதலிடம் கொடுத்தார்கள்.

"எப்படிடா?" என்றாள் வெர்னா, மூச்சு வாங்க.

"உன் இடது தோள் எறங்குச்சு. தனியாத் தாவப் போறன்னு தெரிஞ்சுடுச்சு. ஒம்போது வருஷமாப் பாக்குறேன்ல."

"பாத்தா வந்துடுமா?"

"நீ வர்றதுக்கு முன்னால தெனமும் தாவிப் பாப்பேன். தடம் தெரியாம இருக்க மறுபடியும் தண்ணி ஊத்துவேன். முட்டி பேந்தது எனக்குத்தான் தெரியும்."

"அடப்பாவி! ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொன்னா அதையும் ஆட்டத்துல சேத்துடுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம் பெயிண்டர் ஹியூகோ கிளப் பலகையில் எழுத வந்தார். ஜோடி என்றால் பெண் பெயர்தான் முதலில் வரும். வெர்னா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஓரெஸ்ட் பேர முதல்ல எழுதுங்க" என்றாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த கிழடுகள் சிரித்தன.

"மூட்டை தூக்குறவன் பேரு முன்னாலயா?"

"ஆமா. அன்னிக்கு மூட்டையா இருந்தது நான்தான். எழுதுங்க ஹியூகோ."

அவர் எழுதினார். பெயிண்ட் காய்கிறவரை அவள் அங்கேயே நின்றாள்.