காம்பஸில் இரண்டாவது கோடு

தொழும் திசை பார்க்க அத்தா வைத்திருந்த கிப்லா காம்பஸ் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பித்தளை மூடி, உள்ளே மக்காவின் திசைக்கு ஒரு பச்சைக் கோடு. அதற்குச் சற்று வடக்கே தள்ளி, ஊசியால் கீறிய இன்னொரு கோடு. அது ஜெருசலேமுக்கு. கீறியவர் ஒரு யூதர். ஸ்ரீரங்கத்தில் வீடு எடுத்துத் தங்கி, கோயிலில் பாடப்படும் பாசுரங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த வெளிநாட்டுக்காரர். மன்னார்புரத்தில் டாக்சி ஓட்டிய அத்தாவுக்கு அவர் வெறும் "சார்".

அத்தா வண்டியை ஓரங்கட்டித் தொழப் போனால், சாரும் இறங்கித் தன் திசை பார்த்து நிற்பார். ஒருநாள் வண்டியில் நானும் இருந்தேன். ஹஜ்ஜுக்குப் போகும் ஆசையை அத்தா சொல்ல, தங்கள் பாஷையிலும் 'ஹக்' என்றொரு சொல் உண்டு, அந்தக் காலத்தில் ஜெருசலேமுக்குப் பயணம் போய்க் கொண்டாடிய திருவிழாக்களுக்கு அதுதான் பேர் என்றார் சார். "எங்க நபியும் முதல்ல அந்தப் பக்கம் பாத்துத்தான் தொழுதாங்க சார். அப்புறம்தான் மக்கா" என்றார் அத்தா. பாகம் பிரிந்த பங்காளிகள் பழைய வீட்டைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோல இருந்தது எனக்கு. அன்றுதான் சார் அந்தக் கோட்டைக் கீறினார். வேறு யாரையும் அத்தா அந்தக் காம்பஸில் கைவைக்க விட்டிருக்க மாட்டார்.

ஜெருசலேம் பக்கம் சண்டை மூண்டு, இடிந்த வீடுகளும் குழந்தைகளின் பிணங்களுமாக டிவி ஓடிக்கொண்டிருந்த மாதங்களில், சார் மாரடைப்பு வந்து புத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருடைய அக்காவால் வர முடியவில்லை. போனில் அவர் ஆங்கிலத்தில் அழுதுகொண்டே சொன்னதை நான் அத்தாவுக்குச் சொன்னேன். எரிக்கக் கூடாது, குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் பொதிய வேண்டும், ஜெருசலேம் பார்த்துக் கிடத்த வேண்டும். "எல்லாம் நம்ம முறைதானேடா" என்று அத்தா அசந்துபோனார். பள்ளிவாசலில் இடம் கேட்டார். "நம்ம ஆளு இல்லையே பாய். அதுவும் இந்த நேரத்துல" என்றார்கள். கடைசியில் மாநகராட்சி இடுகாட்டில்தான் குழி கிடைத்தது. எந்தப் பக்கம் என்று வெட்டுபவர் கேட்டதும், அத்தா காம்பஸைத் திறந்து பார்த்துக் கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தபிறகு மறுபடி அதைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பழக்கதோஷம்டா. கை தானா நம்ம கோட்டுக்குப் போயிருச்சு. அவர மக்காவப் பாத்து வச்சுட்டு வந்துட்டேன்."

"ஒரு விரல்கடை வித்தியாசம்தானே அத்தா, விடுங்க" என்றேன்.

"அந்த விரல்கடைக்குத்தானடா அங்க இத்தனை பேரு சாகுறாங்க?"

அதற்குப்பின் அவர் ஹஜ் பேச்சையே எடுக்கவில்லை. நாங்களாகக் கேட்டால், ஒருவரைச் சரியாகப் படுக்கவைக்கத் தெரியாதவனுக்குப் பயணம் எதற்கு என்பார். அந்த ஏக்கத்தோடேயே இந்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் கபர்ஸ்தானில் குழிகள் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாகப் போகும். சுவர் மக்காவைப் பார்த்துக் கட்டியது என்று நம்பி யாரும் தனியாகத் திசை பார்ப்பதில்லை. நான் மட்டும் காம்பஸைத் திறந்து பார்த்தேன். சுவரே கொஞ்சம் கோணலாகக் கட்டியிருக்கிறார்கள். குழிக்குள் அத்தாவின் முகம் பச்சைக் கோட்டுக்கு நேராக இல்லை. சாரின் கோட்டுக்கு நேராக இருந்தது. சொன்னால் நிறுத்தித் திருப்பி வைத்திருப்பார்கள். நான் மூடியை அடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு மண் தள்ளினேன்.