மாடு தாட்ட ஆழ்வாப்பிள்ளை

காலை பத்து மணி இருக்கும். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து வளவுத் தியாகலிங்கம், வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். தோளில் கிடக்கும் சால்வையைக் கையில் பிடித்திருந்தார்.

"தம்பி, கொண்ணர் மோசம் போட்டார்" என்றார்.

இறந்துபோன என் அண்ணை ஆழ்வாப்பிள்ளைக்கு ஊரில் கொஞ்ச நாளாக வேறொரு பெயர் இருந்தது. மாடு தாட்ட ஆழ்வார். செத்த மாடுகளைப் புதைத்ததால் வந்த பெயர்.

ஜேர்மன் யுத்தம் முடிந்த வருடம் எங்களைப் பெற்ற அப்பு இறந்தார். அண்ணை பள்ளிக்கூடத்தை விட்டுப் புகையிலைத் தோட்டத்துக்குப் போனார். நான் கல்லூரிக்குப் போனேன். அதைப்பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. மாடுகளைப் பற்றித்தான் கதைப்பார். மாடு வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, விற்கிறவன் முன்னாலேயே "உது கிழடு, வாங்காதையுங்கோ" என்று சொல்லிவிடுவார். அதனால் அடிபிடிகூட வந்திருக்கிறது.

இந்தச் சித்திரைக்குப் பிறகு மாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்தது. வாயெல்லாம் புண், ஓயாத கழிச்சல். விழுந்த மாடு எழும்பாது. விதானையார் வந்து அரசாங்கக் கட்டளையைச் சொன்னார்: செத்த மாட்டை உரிக்கக்கூடாது, இறைச்சி எடுக்கக்கூடாது, தோலோடு சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் செத்த மாட்டை இழுத்துப் போகிறவர் கணவதி. அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் தோலும் இறைச்சியும்தான் அதற்குக் கூலி. செத்தவீடுகளில் மேளம் அடிப்பவர்களும் அவர்களே. மேளத்துக்கு அந்தத் தோல்தான் வேண்டும்.

நமசிவாயம் வீட்டுப் பசு செத்தபோது கணவதி படலைக் கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டார்: "தோலும் இல்லையெண்டால் நாங்கள் ஏன் நயினார் தூக்கிக் காவுறது? உங்கடை மாட்டை நீங்களே தாட்டுப்போடுங்கோ."

பசு வெயிலில் ஊதிக் கிடந்தது. அடுத்த நாளும் கிடந்தது. அண்ணை கயிற்றோடு போனார்.

"செத்த மாட்டுக்கு நீ கயிறு போடுறதோ?" என்று நமசிவாயம் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். "நாளைக்கு எந்த முகத்தோடை கோயிலுக்குள்ளை வருவாய்?"

"உயிரோடை நிக்கேக்கை வாலை முறுக்கின கைதானே, நமசிவாயம் அண்ணை. செத்தாப்பிறகு எங்காலை வந்தது தீட்டு?"

"ஊர் உனக்குப் பேர் வைக்கும்."

"வைக்கட்டும். உங்களாலை மூக்கிலையிருந்து கை எடுக்கேலாமல் கிடக்கு, அதைப் பாருங்கோ."

எங்கள் சிவப்பு மண் முழங்காலளவுதான். அதற்குக் கீழே சுண்ணக்கல். இரும்பு அலவாங்கைத் தூக்கித் தூக்கிக் குத்தினால்தான் கல் உடையும். அண்ணை தோட்டத்து ஓரத்தில் தனியாகக் குத்திக் குழி வெட்டினார். மற்ற மாடுகளும் விழத் தொடங்கியபோது கணவதியும் மண்வெட்டியோடு வந்து கிடங்குக்குள் இறங்கினார்.

"என்ரை தொழிலைப் பறிச்சுப்போட்டியள். இனி மேளத்தையும் தரட்டோ, நயினார்?"

"தா. நான் அடிச்சால் பிணம் எழும்பி ஓடும்."

சிரித்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. கட்டளை வருமுன் நோயில் செத்த மாடொன்றின் தோலைக் கணவதி காயவைத்து வைத்திருந்தார். அவருடைய மேளங்கள் கிழிந்துபோயிருந்தன.

"உந்த ஒரு தோலை விடுங்கோ நயினார். இதுவும் போனால் எனக்கு மேளமில்லை."

"கிழக்குத் தெருவிலை இன்னும் நோய் வரேல்லை, கணவதி. உந்தத் தோலோடை நோய் அங்கை போய்ச் சேர்ந்துதெண்டால் என்ன செய்வாய்? கொண்டா."

கணவதி கொண்டுவந்தார். அண்ணை அதைச் சாக்கில் சுற்றி, நிரம்பிக்கொண்டிருந்த கிடங்கின் மேலாக வைத்துச் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார். 

ஒரு கலியாணவீட்டுப் பந்தியில் அண்ணைக்குப் பக்கத்தில் போட்ட இலைகள் வெறுமையாகவே கிடந்தன. அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எழும்பினார்.

பிறகு அவருடைய சொந்த எருதுகள் இரண்டுமே ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இரண்டாவதுக்குக் கிடங்கு வெட்டும்போது அலவாங்கு கல்லில் வழுக்கிக் காலில் ஏறியது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மாட்டை இறக்கி மண் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். சில நாளில் வாய் திறக்க முடியாமல் போனது. உடம்பு வில்லாக வளைந்தது. ஏற்புவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில் வண்டில் இருந்தது, கட்ட மாடில்லை. தியாகலிங்கம் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வளவு நிறையச் சனம். பந்தியில் பக்கத்தில் இருக்காதவர்களும் வந்திருந்தார்கள். கணவதி வெறுங்கையோடு படலைக்கு வெளியே நின்றார்.

"எங்கையடா மேளம்?" என்றார் நமசிவாயம்.

"கிழிஞ்சு கிடக்கு நயினார். அயலூரிலை கேட்டனான். நோய் ஊருக்கு வரமாட்டினமாம்."

"மேளம் இல்லாமல் தூக்கினால் ஆருமில்லாத பிணம் எண்டெல்லோ ஆகிப்போம்." நமசிவாயம் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அண்டைக்குத் தாட்ட காய்ஞ்ச தோல் மேலாகத்தானே கிடக்கு? கிண்டி எடடா."

 கணவதி வீட்டின் பின்புறக் கோடிப்பக்கம் சுற்றி வந்து, அண்ணையின் மனைவி பராசக்தி மச்சாள் இருந்த இடத்துக்குக் கேட்கும்படி நின்றார்.

"நாச்சியார், பொழுதுபடமுன்னம் தோலை எடுத்துக் கட்டிப்போடுவன். அவருக்கு அடிக்கவேணுமெண்டு எனக்கும் ஆசை. நீங்கள் ஓமெண்டால் எடுக்கிறன்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்குத் தெருப் பெண்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"மேளம் இல்லாமல் விடுறது எனக்கு நெஞ்சைப் பிளக்குது, கணவதி" என்றார். "ஆனால் உன்ரை கையிலையிருந்து வாங்கித் தாட்டது அவரெல்லோ. அவரைக் கொண்டுபோறதுக்கு அதையே வெளியிலை எடுக்கிறதோ? கிழக்குத் தெருவிலை மாடுகள் உயிரோடை நிக்கட்டும். வேண்டாம்."

அண்ணையை மேளம் இல்லாமல்தான் தூக்கினோம். மேளகாரர் நடக்கிற இடத்தில், பாடைக்கு முன்னால், கணவதி மேளத் தடி மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்களுக்குக் காலடிச் சத்தம்தான் கேட்டது. கிழக்குத் தெருவில் வேலிகளுக்கு அப்பால் மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டு நின்றன. சுடலை வரைக்கும் நமசிவாயம் பாடையில் தோள் மாற்றவில்லை.

சுடலையில் சாம்பல் அள்ளிக் காடாற்றிய பிறகு தோட்டத்துப் பக்கம் போனேன். நாய்கள் கிளறாதபடி ஒவ்வொரு கிடங்கின் மேலும் அண்ணை சுண்ணக்கல் அடுக்கியிருக்கிறார். அவருடைய கடைசி எருதின் கிடங்கில் பாதிக்குத்தான் கல் ஏறியிருக்கிறது. மற்றப் பாதி வெறும் மண்.