கடல் வருவதற்கு முந்திய வருத்தம்

தௌபீக் காக்கா மௌத்தான செய்தியை அசர் தொழுகைக்குச் சற்று முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டேன். மருதமுனைக் கைத்தறிச் சாறன் வியாபாரி. ஒரு வீட்டு வாசலில் விலை பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு. எங்கள் மனநல கிளினிக்கில் அவரை அறிந்த சிலர் தானே உயிரை மாய்த்துக்கொண்டாரோ என்று விசாரித்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த கிளினிக் வாங்கில் உட்கார்ந்து நாம் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருப்போம். தெரிந்தவர் கண்டால் பிரஷர் மருந்துக்கு வந்ததாகச் சொல்வோம். காக்கா மட்டும் கேட்காதவருக்கும் தன் வைத்தியக் கதையைச் சொல்வார். "முதல்ல ஓதிப் பாத்த. பிறகு கையில இசிமு எழுதின தாயத்துக் கட்டின. அதுக்கும் சரிவரல்ல எண்டு கட்டாருக்கு வேலைக்கு அனுப்பின. கட்டாருக்கும் இதே மண்டைதானே சேர் என்னோட வந்த!" கடைசியில்தான் மாத்திரை. கொஞ்சம் சுகமானதும் தானாகவே அதை நிறுத்தி மறுபடி படுக்கையில் விழுந்ததையும் அவர் மறைக்கவில்லை.

எங்கள் கரையில் எப்போதிருந்து இந்த நோய், இந்த வருத்தம் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: கடல் வந்ததிலிருந்து. சுனாமியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த புது டொக்டர் காக்காவுக்கும் அப்படியே எழுதப்போனார். "கடலுக்கு மேல பழியப் போடாதீங்க டொக்டர். உம்மாவக் கடல் கொண்டுபோன உண்மதான். ஆனா, கலியாணம் முடிச்சிப் பொண்டாட்டி ஊட்டுக்குப் போன புதுசிலயே நான் எழும்பாமக் கிடந்த."

எனக்கு எரிச்சலாக இருந்தது. என் தம்பியும் கடலோடு போனவன். என் பதிலும் கடல்தான். அந்தப் பதில் எனக்கு வசதியாகவும் இருந்தது. கடலுக்குப் பின் பிறந்த என் மகள் கம்பஸ் வகுப்புகளுக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். அவள் கடலைக் காணாதவள், இது பரீட்சைப் பயம்தான் என்று காக்காவிடம் சொன்னேன்.

"சேர், கடல் வர முந்தி நீங்க எப்பிடி இருந்தீங்க?"

ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் குளிக்காமல், சாப்பிடாமல் கிடந்த காலம் நினைவுக்கு வந்தது. அதைச் சோம்பல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சேர்த்து. "மகளக் கூட்டிட்டு வாங்க," என்றார் காக்கா. "எனக்குக் கட்டார் வரைக்கும் சுத்தவேண்டி வந்த. அவளுக்கு என்னத்துக்கு?"

அடுத்த கிளினிக் நாளுக்குள் அவருடைய ஜனாஸா அடக்கம் முடிந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளைச் சிரிக்கவைக்க வாங்கில் அவர் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எப்போதிருந்து என்று டொக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். காக்காவிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லும் துணிவு ஒன்றுதான்.

"கடலுக்கு முந்தி, டொக்டர்," என்றேன். "என்னிலயிருந்து எழுதுங்க."